பன்னிரண்டு வார்த்தைப் பூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டை வீட்டில் நான் இருந்தேன். அம்மா இருந்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, வரவில்லை. அப்பா... அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் நடுவே என் புது ஃபோன். பக்கத்தில், ரேஷன் கார்டு கவரிலிருந்து எடுத்த ஒரு துண்டுக் காகிதம். அதில் பன்னிரண்டு வார்த்தைகள். சரியாகப் போட்டால் அப்பாவின் குரல் கிடைக்கும். தப்பாகப் போட்டால் கிடைக்காது.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதுவாக இருந்தாலும் வாய்ஸ் மெசேஜ்தான். அப்படி என் ஃபோனில் சேர்ந்தவை பதினொன்று. அவர் போனபிறகு எனக்கு ஒரே பயம் — இதுவும் போய்விட்டால்? ஏதாவது ஒரு கம்பெனியின் இடத்தில் போட்டு வைக்கலாம். அந்தக் கம்பெனியே மூடிவிட்டால்?

அப்போதுதான் டீசென்ட்ரலைஸ்டு இன்டர்நெட் பற்றிப் படித்தேன். முதலாளி இல்லாத இன்டர்நெட். படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? அப்பா காரியம் முடிந்த மறுமாதம், வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பே எடுத்தேன்.

“நம்ம தெருவுல தண்ணி லாரி வரிசைய ஒருத்தர்தான் நோட்டுல எழுதறாங்க. அவங்களுக்கு வேண்டியவங்க பேரு மேல ஏறிடுது. அந்த நோட்டு ஒவ்வொரு ஊட்லயும் ஒரு காப்பி இருந்தா?”

“டெய்லி சண்டதான்” என்றாள் அக்கா.

“இல்லக்கா. ஒவ்வொரு பக்கத்துலயும், முந்தின பக்கத்தோட கைரேகை மாதிரி ஒரு நம்பர் இருக்கும். ஒரு பேர மாத்துனா அந்த நம்பர் மாறிடும். அடுத்த பக்கமே காட்டிக்குடுத்துடும். எல்லா ஊட்டு நோட்டையும் ஒரே நேரத்துல திருத்த முடியுமா? முடியாதுல்ல? அதான் பிளாக்செயின்.”

அப்பாவின் குரலைப் பூட்டி, துண்டு துண்டாக்கி, எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் வைத்துவிடுவார்கள். எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் அந்தப் பொது நோட்டில் இருக்கும். ஆனால் பூட்டைத் திறக்கும் சாவி நம்மிடம் மட்டும்தான். அந்தச் சாவிதான் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள்.

மாமா மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பூந்தமல்லிப் பக்கம் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர்.

“செரி மச்சான். சாவி தொலஞ்சி போச்சின்னா யாராண்ட போய்க் கேக்கறது?”

“யார்கிட்டயும் கேக்க முடியாது மாமா. அதான் இதுல ஸ்பெஷல்.”

“இன்னாடா இது, ஒரு கஸ்டமர் கேரு கூடவா கெடையாது?”

நான் சிரித்தேன். “எட்டாவது ஃபெயிலுக்கெல்லாம் இது புரியாது மாமா, உடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்லப் பன்னிரண்டு வார்த்தைகளையும் அவரே எழுதினார். அம்மா தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அதனால் தமிழிலேயே எழுதினார். அழகான கையெழுத்து. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜ் ஃபாரத்தில் எதை எங்கே நிரப்புவது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. பேங்க் லோன், இன்டர்வியூ... எதற்கும் ஆளில்லை. யாரையும் கேட்காமலே பழகிவிட்டேன். அப்படிப்பட்டவனுக்கு, யாரையும் நம்பத் தேவையில்லாத டெக்னாலஜி பிடிக்காமல் போகுமா?

இத்தனைக்கும் என் வேலை என்ன தெரியுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீசில், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது! “தம்பி, மறந்துட்டேன்பா...” — ஒரு நாளில் என்னோடு பேசுகிற குரல்கள் அவைதான். சாயங்காலம் அண்ணனூர் ரூமுக்குத் திரும்பினால் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

போன மாதம் என் பழைய ஃபோன் பக்கெட் தண்ணீரில் விழுந்து செத்தது. வார்த்தைகளை ஃபோட்டோ எடுக்கக்கூடாது, காகிதத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கடைப்பிடித்தேன். முதலாளி இல்லாத இடம் இருக்கிறதே என்ற திமிரில், குரலுக்கும் வேறு காப்பி வைக்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. காகிதத்தைப் பிரித்தேன். மேங்கோ, டைகர், ஸ்கூல்... சரி. அடுத்தது ‘கேட்’.

வாசல் கேட்டா, பூனையா?

அதற்கடுத்தது ‘கார்ட்’. ரேஷன் கார்டா, தள்ளுவண்டியா, வாட்ச்மேனா? நம் எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு.

“இன்னாடா முழிக்கற? நான் படிக்கறேன் குடு” என்று அம்மா வாங்கினாள். எழுத்துக்கூட்டி வந்தவள் கடைசி வார்த்தையில் முகம் மலர்ந்தாள். “பால்! இது நல்லா புரியுதே.”

“அது நம்ம பால் இல்லம்மா. இங்கிலீஷ் பால். பந்து.”

“ஓ... பந்தா” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கேட்டுக்கு இரண்டு, கார்டுக்கு மூன்று. ஆறு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். ஆறு முறையும் சிவப்பு எழுத்தில் ‘தவறு’. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்ப... அவுரு பேசுனது அவ்ளோதானா?”

“எழுதுனவரு உசுரோட தானே கீறாரு? கேளு” என்றாள் அக்கா.

“நீ கேட்டு சொல்லுக்கா.”

“நான் எதுக்கு? எட்டாவது ஃபெயிலுன்னு சொன்ன வாயி உன்னுது. நீயே பேசு.”

பேசினேன்.

“சொல்லுங்க சார்” என்றார் மாமா. என்னை அவர் ஒருநாளும் சார் என்றதில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

“கேட்டுன்னா பூனை. பூனையான்னு கேட்டுத்தான் எழுதனேன். கார்டுன்னா தள்ளுவண்டி.”

“போட்டுப் பாத்துட்டேன் மாமா. வரல.”

“கடைசில இன்னா போட்டீங்க?”

“பால். பந்து.”

“பந்து இல்ல சார். மில்க்கு. நீங்க மில்க்குன்னு சொன்னப்ப, ‘அப்டின்னா பால்தானே?’ன்னாங்க அத்த. பாவம், பன்னண்டுல அவங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதான் பால்னே எழுதிட்டேன். வெச்சிடட்டா சார்?”

வைத்துவிட்டார்.

‘பந்து’ இருந்த இடத்தில் மில்க் போட்டேன். திறந்தது.

“டேய் நைனா... வேலையா கீறியா? ஒண்ணுமில்ல. சும்மாதான் பேசனேன். நீ எடுக்கல. செரி, வெச்சிடறேன்.”

பதினொன்றில் ஏழு இப்படித்தான் இருந்தன. நான் எடுக்காத அழைப்புகளுக்குப் பின்னால் வந்தவை. அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அவளுக்கு அது குரல். எனக்கு அது, ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி.

உலகம் பூராவும் காப்பி இருக்கும் நோட்டில் இல்லாத ஒரு விவரம், என்னோடு பேசாத ஒரே மனுஷரின் தலையில் இருந்திருக்கிறது. இதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மாமா எழுதின காகிதத்தை எடுக்கவே வெட்கப்பட்டு, அதற்கு முந்தின வாரமே ஆவடியில் ஒரு கடையில் செத்த ஃபோனைக் கொடுத்து, உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் வாங்கிக்கொண்டது மூவாயிரத்து இருநூறு ரூபாய் — அதில் இரண்டாயிரம் அம்மாவுடையது.