மூன்று பூச்சு வெள்ளை

பவுடர் மணம் பட்டால் இன்றைக்கும் எனக்கு வெட்கத்தில் முகம் சுடும். காரணம் ஒரு மண் தட்டு.

நாலாம் வகுப்பில் எங்கள் ஆசிரியைக்குக் கிரேக்கப் பைத்தியம் பிடித்திருந்தது. சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருந்த இன்டர்லாக்கனிலிருந்து எங்களை ரயிலேற்றி ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய சாடிகளைக் காட்டினார். முதலில் கிரேக்கர்கள் மனிதர்களை வெறும் நிழல்போலக் கறுப்பாகத் தீட்டினார்களாம். பிறகு அந்தக் கறுப்பைக் கூரான முனையால் கீறி, கண், தாடி, உடுப்பின் மடிப்பு எல்லாம் கொண்டுவந்தார்களாம். பெண்களை வேறாகக் காட்டுவதற்காக அவர்களுடைய முகத்திலும் கைகால்களிலும் கறுப்புக்கு மேலே வெள்ளை பூசினார்களாம்.

திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தட்டைத் தந்து, அதே முறையில் குடும்பத்தை வரையச் சொன்னார். கறுப்பு மை பூசிக் கவராய முனையால் சுரண்டினோம். அந்த வாரம் வகுப்பில் எல்லோருடைய அப்பாக்களும் கறுப்பு. என் அப்பாவைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பெரிய நிம்மதி. அம்மாவுக்கு வெள்ளை பூசும்போதோ எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மற்றப் பிள்ளைகள் ஒரு தடவை பூசினார்கள். நான் மூன்று தடவை பூசினேன்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாளில், அம்மா தான் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் லீவு கேட்டு வந்தார். அவருடைய ஜெர்மன் மொழி, பாத்திரம் கழுவும் இடத்தோடு நின்றுவிடும். வீட்டுக்கு வரும் கடிதம் முதல் டொக்டரின் கேள்வி வரைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அம்மா தட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நானோ?"

"ஓம்."

மேசையில் இருந்த தட்டுகளில் மற்ற அம்மாக்களும் வெள்ளைதான். ஆனால் அவர்கள் நேரிலும் வெள்ளை. கறுத்த அப்பாக்களை அம்மா கவனித்தாரோ தெரியாது. ஆசிரியை வந்து, இது அந்தக் காலத்துக் கிரேக்க முறை, எல்லாப் பெண்களுக்கும் வெள்ளைதான் என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினார். அதை அம்மாவுக்குச் சொல் என்றார். பக்கத்தில் என் சிநேகிதி தன் தாயுடன் நின்றாள். அவர்களுக்கு முன்னால் தமிழில் கதைக்க எனக்குக் கூச்சம்.

"ரீச்சர் என்ன சொல்லுறா, பிள்ளை?"

"வடிவாம்."

அவ்வளவு விளக்கத்துக்கும் அழகு என்ற அந்த ஒரு சொல்தான்.

"ஓம், வடிவாத்தான் கீறியிருக்கிறாய்," என்ற அம்மா தட்டை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அம்மாவின் முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படித்தான், கழுத்தோடு நின்றுபோன வெள்ளை. வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சீறி விழுந்தேன்.

"ஏன் அம்மா இப்பிடிப் பூசிக்கொண்டு வாறியள்? இனிப் பள்ளிக்கூடத்துக்கு வராதேங்கோ!"

அம்மா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு தடவையில் போகவில்லை.

"சரி பிள்ளை, இனி வரமாட்டன்."

அதன்பிறகு அப்பாதான் வந்தார். யார் கேட்டு அம்மா பவுடர் பூசத் தொடங்கினார் என்று அந்தப் பஸ்ஸில் எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டது நான்தான். மூன்று தடவை பூசிக் கேட்டிருந்தேன்.