மைக் இல்லாத செட்

என் குரல் முதன்முதலாக டிவிக்குள்ளிருந்து கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. நான் சொன்னது, "அண்ணே, குழி, குழி!" என்பதுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் அந்தக் குழியைத் தாண்டிப் போய்விட்டான். ஆனாலும் என் குரல் டிவியிலிருந்து வந்தது. பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கையை எடுத்து, "ஹலோ" என்றேன். டிவியும் "ஹலோ" என்றது.

அது ஜப்பான் கேம் செட். பெரியப்பாவின் மகன் கப்பலில் வேலை செய்த நண்பன் ஒருவனிடம் சொல்லி வரவழைத்திருந்தான். வெள்ளையும் மெரூனுமாக, டிபன் பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதிலிருந்து இரண்டு கன்ட்ரோல்கள் ஒயரோடு நீளும். இரண்டாவது கன்ட்ரோலில் மட்டும் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. அவற்றுக்குள் மைக். ஜப்பானில் மின்சாரம் நம்முடையதில் பாதிகூட இல்லையாம். நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்பதால், செங்கல் கனத்தில் ஓர் இரும்புப் பெட்டி நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தது. அது எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். ஜப்பான் நாட்டுச் சூடு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அம்மா எங்களைக் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் அங்கே கூட்டிப்போவார். அம்மாவுக்குப் பெரியம்மாவிடம் பேச ஆயிரம் இருக்கும். எங்களுக்கு அந்தச் செட் இருந்தது. விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: செத்தா மாத்தணும். அதாவது திரையில் ஓடும் குட்டி மனிதன் குழியில் விழுந்தாலோ எதன்மீதாவது மோதினாலோ, கன்ட்ரோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். கேட்க நியாயமான சட்டமாகத்தான் இருக்கும். அண்ணன் ஓர் உயிரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவான். என் உயிர் முதல் குழிவரைதான். நான் கன்ட்ரோலை வாங்கி, சட்டையைச் சரிசெய்து உட்கார்வதற்குள் திரும்பக் கொடுக்க வேண்டிவரும்.

மிச்ச நேரமெல்லாம் எனக்கு அந்த மைக்தான். இரண்டாவது கன்ட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் ஆடுவதைப் பந்தய வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். இடையிடையே பாட்டும் உண்டு. பெரியப்பா ஒருமுறை அடுக்களையிலிருந்து, "யாரும்மா ரேடியோவ போட்டது?" என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

அண்ணன் விளையாடுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வீட்டில் அவன் அப்படியொன்றும் சுறுசுறுப்பானவன் இல்லை. அப்பா நான்கு தடவை கூப்பிட்டால் ஐந்தாவது தடவைக்கு எழுந்திருப்பான். அந்தச் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். கண் இமைக்காது, உடம்பு அசையாது, இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் வேலை செய்யும். எது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வரும் முன்பே தாவியிருப்பான்.

ஆறாம் வகுப்பு அரசாங்கத் தேர்வில் நன்றாக வந்தால் ஒரு செட் வாங்கித் தருவதாக அப்பா அவனிடம் சொல்லியிருந்தார். அப்பா துறைமுகக் கிடங்கில் சரக்குப் பார்ப்பவர். முத்திரை குத்தாத எந்தப் பொருள்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவர் வாக்குக் கொடுத்தால் அதில் முத்திரை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் படித்தான். நானும் என் பங்குக்குக் கோயிலில் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்துகொண்டேன். அண்ணன் தேர்வில் தேறுவதற்கு ஒன்று. மற்ற இரண்டும் ஜப்பான் செட்டே வரவேண்டும் என்பதற்கு.

ஏனென்றால், கிள்ளான் டவுனில் இருந்த தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மின்சாதனக் கடையில் இரண்டு வகை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஒன்று ஜப்பான் செட். மற்றது ஐரோப்பாவுக்கென்று செய்தது. வெளியே இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, உள்ளே ஒரே விளையாட்டுகள்தானாம். எனக்கு ஐரோப்பாவைப் பற்றிக் கவலையில்லை. ஜப்பான் செட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டால் தினமும் என் குரல் டிவியில் கேட்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணன் தேறினான். டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் காலை, அப்பா எங்கள் இருவரையும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனார்.

தவுக்கே பனியன் போட்ட சீனப் பெரியவர். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு செட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஜப்பான் செட்டைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. மற்றது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. மூலையெல்லாம் சதுரம். கன்ட்ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளையே இல்லை. ஊமைப் பெட்டி. எங்கள் வீட்டு டிவி என்ன டிவி என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, இரண்டுமே அதில் கலராகத் தெரியும் என்று தவுக்கே உறுதி சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, "யாங் மானா?" என்றார். எது வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

அப்பாவின் கண் சாம்பல் பெட்டியோடு வந்த உத்தரவாத அட்டைமேல் இருந்தது. அதில் முத்திரை இருந்தது. ஆனாலும் அவர், "பரீட்ச எழுதுனது அவன். அவனே சொல்லட்டும்," என்றார்.

நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஜப்பான்னு சொல்லு. மைக் இருக்கு. சொல்லு லா."

அண்ணன் இரண்டிலும் ஒரே விளையாட்டைப் போட்டுக் காட்டும்படி தவுக்கேயிடம் கேட்டான். அவர் இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் பொத்தான்களை அமுக்கினார்.

அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு திரையிலும் ஒரே வானம், ஒரே மேகம், ஒரே பாட்டு. ஒன்றாகத்தான் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டு முன்னால் போய்விட்டது. மற்றது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. போகப் போக இடைவெளி கூடியது. ஜப்பான் செட்டின் பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியபோது, சாம்பல் பெட்டியின் பாட்டு இன்னும் முடியவில்லை. தவுக்கேயின் வலது கை கொஞ்சம் முந்திக்கொண்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் மறுபடி போடச் சொன்னான். மூன்றாம் முறையும் போடச் சொன்னான். தவுக்கே பொறுமைசாலி.

பிறகு என்னிடம் திரும்பி, "நீ விளையாடு. ரெண்டுலயும்," என்றான்.

ஜப்பான் செட்டில் வழக்கம்போல் முதல் குழியில் விழுந்தேன். சாம்பல் செட்டில் ஆடினேன். குழியைத் தாண்டினேன். அடுத்ததையும் தாண்டினேன் என்று நினைவு. தவுக்கே "பாண்டாய், பாண்டாய்!" என்று கை தட்டினார். கெட்டிக்காரி என்கிறார். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. கன்ட்ரோலை வைத்துவிட்டு ஜப்பான் செட்டின் மைக்கை எடுத்து, "இதுதான் வேணும், இதுதான் வேணும்" என்று டிவி வழியாக அண்ணனிடம் கேட்டேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அண்ணன் அந்தச் சிரிப்புக்கு நடுவில் சாம்பல் பெட்டிமேல் கை வைத்தான். "இதுப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. என் முகம் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். பஸ்ஸில் ஒரு மலாய் அம்மா எனக்கு மிட்டாய் கொடுத்தார். அதை வாங்கித் தின்றுகொண்டே அழுதேன்.

"அது நூறு வோல்ட். நம்ம வீட்டுல போட்டா வெடிச்சிரும்," என்றான் அண்ணன்.

"பெரியப்பா வீட்டுல வெடிக்கலையே?"

"அது ரயில்வே வயரிங் லா. நம்ம வீட்டு வயரிங் பழசு."

நான் நம்பினேன். அந்த வருடம் தீபாவளிக்கு முன்புதான் அப்பா வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றியிருந்தார். ஆணி அடித்த தூசியை நானே கூட்டிப் பெருக்கினேன். இருந்தும் நம்பினேன்.

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வேன். அம்மா, பக்கத்திலேயே நிற்கும் அவனிடம் சொல்வார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் மட்டும் உடைத்தேன். மற்ற இரண்டும் செல்லாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் அண்ணன், "வந்து ஒருதடவ ஆடிப் பாரு," என்றான். கோபம் குறையாத முகத்தோடுதான் உட்கார்ந்தேன். முதல் குழி வந்தது. தாவினேன். தாண்டிவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது. பிரிக்பீல்ட்ஸில் நான் கண்ணாலேயே பார்த்திராத இடங்களுக்குப் போனேன். திரையில் வருவதெல்லாம் எனக்காகக் கொஞ்சம் நின்று, நான் பார்த்துவிட்டேனா என்று கேட்டுவிட்டு வருவது போல இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கினேன். மேகத்தின்மேல் ஏறினேன். என் கைகளை நானே ஆச்சரியத்தோடு பார்த்தேன். ஒரே இரவில் எனக்குத் திறமை வந்துவிட்டது. பிள்ளையார் தேங்காய்க் கணக்குப் பார்க்காதவர் என்று தோன்றியது.

அதைவிட ஆச்சரியம், அண்ணன் விழுந்ததுதான். அவன் முறை வந்தால், குழி வருவதற்கு முன்பே தாவுவான். தாவி நேராக அதற்குள்ளேயே இறங்குவான். கண் இமைக்காத அதே பார்வை, அதே கட்டைவிரல்கள். ஆனால் எல்லாம் ஒரு நொடி முந்திக்கொண்டிருந்தன. விழுந்ததும் சிரித்துக்கொண்டே கன்ட்ரோலை என்னிடம் நீட்டுவான். "உன் டர்ன்." செத்தா மாத்தணும் என்ற சட்டம் முதன்முறையாக என் பக்கம் சாய்ந்தது. அந்த விடுமுறை முழுவதும் நான்தான் அதிகம் விளையாடினேன். மைக் ஞாபகம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

நாங்கள் இருவரும் பெரியவர்களாகி வெகுகாலம் கழித்து, இரண்டு வருடத்துக்கு முன்பு, அண்ணன் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று, பழைய கேம் செட் விற்கும் கடை ஒன்றைத் தேடி ரவாங் வரை போனேன். கடைக்காரர் தமிழ்ப் பையன்தான். அதே இரண்டு செட்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் சாம்பல் பெட்டியைக் காட்டினேன்.

"அது வேணாம் அக்கா. ஜப்பான் எடுங்க," என்றார் அவர். "இது ஸ்லோ லா. ஜப்பான் டிவி சிஸ்டம் செகண்டுக்கு அறுபது படம், இது அம்பது. அது ஆறு அடி போற நேரத்துல இது அஞ்சு அடிதான் போகும். வெளையாடத் தெரிஞ்சவங்க யாரும் இத எடுக்க மாட்டாங்க."

எனக்குத் தெரிந்த ஒருவன் எடுத்தான் என்று நினைத்துக்கொண்டு, சாம்பல் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றேன். அவர் நான் விலையை நினைத்துத் தயங்குகிறேன் என்று எண்ணிக் கொஞ்சம் குறைத்தார். நான் சாம்பல் பெட்டியையே வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையா வாங்குன? வயரிங் சரியா இருக்கான்னு பாக்கணும்," என்று சிரித்தான். மேற்கொண்டு அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அவன் கைகள் அந்த வேகத்துக்குப் பழகியிருக்க வேண்டுமே, ஏன் விடுமுறை முடியும்வரை விழுந்துகொண்டே இருந்தான் என்பதையும் கேட்கவில்லை.

செட் வந்த நான்காம் நாள் காலை மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அடுக்களைக்கு ஓடி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "அம்மா, அண்ணனுக்கு இப்பல்லாம் வெளையாடவே தெரியல. பாவம், நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

கூடத்தில் அண்ணன் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, துளையில்லாத இரண்டாவது கன்ட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு, நான் திரும்பி வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.