பட்டதும் சொல்லுங்க

அப்போது பூனாவில், போபோடி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கால் பார்க்க ஒரு நர்ஸ் இருந்தாள். மூக்குத்தி போட்ட ஒல்லித் தமிழ்ப் பெண். அங்கேயே பிறந்ததால் பேச்சில் மராத்தி கலந்து வரும்; பாட்டிகளை ‘ஆஜி’ என்றுதான் கூப்பிடுவாள். ஸ்டூல் இருந்தாலும் தரையில்தான் உட்காருவாள். யார் காலானாலும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

“ஆஜி, கண்ண மூடுங்க. இது கால்ல பட்டதும் சொல்லுங்க” என்றாள். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசாக ஒன்று அவள் கையில் இருந்தது.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கூட வந்த மருமகள் எதிரில் கால் மரத்துப்போச்சு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அப்புறம் என்னைத் தனியாகக் கடைக்குக்கூட விடமாட்டாள். குத்துமதிப்பாக, “பட்டுது, பட்டுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“அரே ஆஜி, நான் இன்னும் தொடவே இல்லியே!”

மருமகள் சிரித்துவிட்டாள்.

“அப்ப சீக்கிரம் தொடு. எனக்கு வேலை கிடக்கு” என்றேன் விறைப்பாக.

நர்ஸ் சிரிக்கவில்லை. பாதத்தைத் திருப்பினாள். செருப்பைத் துளைத்து வந்த கருவேல முள் ஒன்று குதிகாலில் ஏறி முறிந்திருந்தது.

“இதோடயா நடந்து வந்தீங்க?”

மருமகளின் சிரிப்பு நின்றுபோனது.

நர்ஸ் முள்ளை எடுத்து மருந்து வைத்தாள். வைத்துவிட்டு, எரியாமலிருக்க, குழந்தைக்கு ஊதுவதுபோலக் குனிந்து ஊதினாள்.

எனக்கு எரியாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. பிறகு ஏன் ஊதினாள் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.