சர்வருக்கு ஓய்வு கொடுத்த சேதுபதி சார்

சேதுபதி சாரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவருடைய இடுப்பை எழுத வேண்டும். அங்கே எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். ராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் நர்சிங் பயிற்சி நிலையத்தில் பூட்டி வைக்கும்படி இருப்பதே நாலைந்து அறைதான். மீதிச் சாவிகள் எந்தப் பூட்டுக்கு உரியவை என்று அவருக்கே தெரியாது. கொத்து பெரிதாக இருந்தால் ஆளும் பெரிதாகத் தெரிவார் என்பது அவர் எண்ணம். அந்தச் சத்தம் கேட்டாலே முதலாமாண்டுப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அதில் அவருக்கு ஒரு சுகம்.

நான் பானுப்பிரியா. அதே அலுவலகத்தில் கிளார்க். அவருடைய மேசைக்கு எதிர் மேசை என்னுடையது என்பதால், இந்த மனிதரை என் வீட்டுக்காரரைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்துத் தொலைத்திருக்கிறேன்.

சேதுபதி சாருக்குச் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். வயல் இருந்தது, படிப்பு ஏறவில்லை. அக்காவை எங்கள் தாளாளர் செல்லச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வழியில் தம்பிக்கு இங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. அவர் வந்து சேர்ந்த புதிதில்தான் நிலையத்தின் விவரமெல்லாம் சேர்த்து வைக்க யூனிக்ஸ் சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கினார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பொருத்த வந்த கம்பெனிக்காரர் அதன் கடவுச்சொல்லை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். சேதுபதி சார் அதை மனப்பாடம் செய்துகொண்டு அட்டையைக் கிழித்துப் போட்டார். அவருடைய மொத்தப் படிப்பும் அதுதான், உத்தியோகமும் அதுதான். அன்றிலிருந்து அவர் சிஸ்டம் இன்சார்ஜ்.

அந்தப் பெட்டி பாவம், தன் பாட்டுக்கு ஓடியது. பல வருடம் நிற்காமல் ஓடியது. பெட்டி உழைத்தது, பேர் இவருக்கு வந்தது. பழைய பேட்ச் பிள்ளைகளின் மதிப்பெண், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. காகிதப் பதிவேடுகளை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே போட்டு வைத்து, ஒரு மழையில் கூழாக்கியாகிவிட்டது. "புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்திரலாமே சார்" என்று நான் கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் தொடக் கூடாதும்மா. யூனிக்ஸ்" என்பார். ஏதோ கருவறைக்குள் நுழையவிடாமல் என்னைத் தடுப்பது போலச் சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் எடுக்கிறேன் என்று ஒரு டேப்பைச் செருகுவார், எடுப்பார், மேலே தேதி எழுதுவார். அந்த டேப் மிஷின் செத்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

போன ஆயுத பூஜைக் கதைக்கு வருகிறேன். வழக்கமாக, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போவார்கள். இந்த முறை சேதுபதி சாருக்கு ஞானம் பிறந்தது. லேத் பட்டறையில் மிஷினை நிறுத்துகிறார்கள், தையல்காரர் மிஷினை மூடி வைக்கிறார், நம்முடைய கருவிக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா என்று எல்லோர் முன்னாலும் பேசினார். தாளாளர் தலையாட்டினார். முறையாக அணைக்க ஒரு கட்டளை உண்டு. அது அவருக்கு மறந்திருந்தது, அல்லது தெரிந்தே இருக்கவில்லை. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், என்ன செய்ய.

மறுநாள் விஜயதசமி. பிளக்கைச் செருகினால் பெட்டி எழவில்லை. உள்ளே டிக், டிக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்த டிஸ்க். நிறுத்தினால் அப்படியே இறுகிப் போகும். அணைப்பதும் போடுவதுமாக இருந்துவிட்டு, சேதுபதி சார் பெட்டியின் விலாவில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். எழுந்துகொண்டது.

"பாத்தியாம்மா பானு? தட்டுற எடத்துல தட்டணும்."

எழுந்த பெட்டி சும்மா இருக்கவில்லை. இந்தக் கோப்பு பழுதாகியிருக்கிறது, அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவர் ஆமாம் என்பதற்கான ஒய் எழுத்தைத் தட்டினார். அடுத்ததை அழிக்கவா? ஒய். இதை நீக்கவா? ஒய். பூஜைப் பொரியை இடது கையால் அள்ளித் தின்றுகொண்டே, வலது கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். என்ன கேட்கிறது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. பெரிய இடத்திலிருந்து எது கேட்டாலும் ஆமாம் போட்டே நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர். பெட்டியிடம் மட்டும் வேறு மாதிரியா இருப்பார்?

அந்த வாரக் கடைசியில் டிஸ்க் திரும்பவும் டிக் டிக் என்று ஆரம்பித்துப் படுத்துக்கொண்டது. சரியாக அப்போதுதான் சஃபா வந்தாள்.

சஃபா தொண்டிக்காரி. எங்களிடம் படித்துவிட்டுக் கத்தாரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அங்கே புதுச் சட்டமாம்; படித்த காலத்தில் எந்த வார்டில் எவ்வளவு நேரம் பயிற்சி எடுத்தாள் என்று நிலையமே நேரடியாக எழுதி அனுப்ப வேண்டும். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் நர்ஸ் வேலை போய்விடும். அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள்.

"அக்கா, சாதாரண பேப்பர்தானக்கா. இன்னைக்கே குடுத்துருவீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டாள். நான் நேரே தாளாளர் அறைக்குப் போனேன்.

நான் கத்திய கத்தலில், மதுரையிலிருந்து காஜா நவாஸ் என்ற ஆளை வரவழைத்தார்கள். செத்த டிஸ்கிலிருந்து விவரம் எடுப்பது அவர் தொழில். சிடுசிடுப்பான மனிதர். டேப்பை முதலில் பார்த்தார், "ஒண்ணுமே இல்ல" என்று மேசையில் எறிந்தார். டிஸ்கைக் கழற்றித் தன்னுடைய கருவியில் மாட்டினார். அது முனகிக்கொண்டு சுற்றியது.

"ரொம்ப நேரம் தாங்காது. மொதல்ல இதுல இருக்குறதை அப்படியே வேற டிஸ்குக்குப் படி எடுக்கணும். எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் கேள்வி" என்றார். பிறகு சேதுபதி சார் பக்கம் திரும்பினார். "சார், நின்னதுக்கப்புறம் ரிப்பேர் ஓட்டுனீங்களா? அழிக்கவா அழிக்கவான்னு கேட்டிருக்கும். ஆமான்னு குடுத்தீங்களா?"

"குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன?" என்றார் பக்கத்தில் நின்ற தாளாளர்.

"குடுத்திருந்தா, அந்த எடத்தை மிஷின் காலின்னு எழுதி வச்சிருக்கும். ஆனா விவரம் இன்னும் அங்கனயே கெடக்கும். நான் காலி எடத்தை மொதல்ல படிக்கணும். குடுக்கலைன்னா காலி எடத்தை விட்டுட்டு, நெறைஞ்ச எடத்தைப் படிக்கணும். ரெண்டையும் படிக்கிற வரைக்கும் இது உசுரோட இருக்காது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. சேதுபதி சார் சாவிக்கொத்தை ஒரு தடவை தூக்கிப் பிடித்து விட்டார்.

"நான் என்ன நேத்துப் பெறந்த பயலா? தொடவே இல்ல."

"சார், பொரி தின்னுக்கிட்டே ஒய் ஒய்யின்னு தட்டுனீங்களே. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றேன்.

"ஏம்மா, நீ ஃபீஸ் ரசீது போடுற வேலையைப் பாரு. யூனிக்ஸைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சோறுகூட இல்லாமல் மறைத்தார். தாளாளரோ, "மச்சான் சொல்றதுதான். அவருக்குத் தெரியாததா?" என்று முடித்து வைத்தார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த சஃபா எழுந்து சேதுபதி சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்க அழுத்தியிருந்தாலும் ஒண்ணுமில்ல சார். நான் யார்கிட்டயும் குறை சொல்ல மாட்டேன். எனக்கு என் பேப்பர் கெடைச்சாப் போதும். உள்ளதைச் சொல்லுங்க சார்."

அந்த இடத்தில் ஒரு கல் இருந்திருந்தால்கூட வாயைத் திறந்திருக்கும். சேதுபதி சார் மின்விசிறியைப் பார்த்தார். தாளாளரைப் பார்த்தார். "உங்க அல்லாவுக்கும் எங்க ராமநாதசாமிக்கும் பொதுவாச் சொல்றேம்மா, நான் தொடல" என்றார். சாமியைக்கூட ஒன்றுக்கு இரண்டாகச் சாட்சிக்கு இழுத்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காஜா நவாஸ் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இன்சார்ஜ் சொல்றதை வச்சுத்தான் நான் வேலை பாக்க முடியும்" என்றார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாளைக்குத் தப்பாகப் போனால் பழி போட ஒரு தலை கிடைத்த நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. காலி இடங்களை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கத் தொடங்கினார்.

மத்தியானம் வரைக்கும் ஓடியது. சஃபா சாப்பிடவில்லை, ஓரமாக உட்கார்ந்து வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காஜா நவாஸ் சட்டென்று கரண்டை நிறுத்தினார். "முடிஞ்சது. இனி இதை யாரும் படிக்க முடியாது."

படி எடுத்தவரைக்கும் திறந்து பார்த்தோம். பழைய ஃபீஸ் கணக்கு முழுசாக வந்திருந்தது. தாளாளர் பையனுடைய கல்யாணத்துக்குச் சேதுபதி சார் போட்டு வைத்திருந்த பந்தி விவரம் ஒரு எழுத்துக் குறையாமல் வந்திருந்தது. சஃபாவுக்கு முந்தைய பேட்ச் இருந்தது, பிந்தைய பேட்ச் இருந்தது. அவளுடைய பேட்ச் மட்டும் இல்லை. அந்த இடம் காலி என்று எழுதியிருந்தது.

"ரிப்பேர் ஓட்டியிருக்காங்க" என்றார் காஜா நவாஸ், யார் முகத்தையும் பார்க்காமல். "அழிச்சதுக்கு அடையாளம் இங்கனயே கெடக்கு."

தாளாளர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அடிக்கவே இல்லை. சேதுபதி சார் தொண்டையைச் செருமினார். "உப்புக் காத்தும்மா. நம்ம பக்கம் எந்த மிஷின்தான் நெலைக்குது?"

தூ என்று துப்பத் தோன்றியது எனக்கு. தாளாளரின் மைத்துனர் ஆயிற்றே. எச்சிலை விழுங்கினேன்.

சஃபா அழவில்லை, சண்டையும் போடவில்லை. தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு இறங்கினாள். நான் கூடவே வாசல் வரைக்கும் போனேன். பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடம் அந்த ஆளை நான் மனிதக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

"பாப்பா, ஒரு விஷயம்" என்றார். "எம் பையன் டிப்ளமா முடிச்சிட்டுச் சும்மா கெடக்கான். நீ வேலை பாக்குற எடத்துல அவனுக்கு ஏதாச்சும் ஒரு விசா பாத்துச் சொல்லேன்."

சஃபா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கே இனிமே அங்க வேலை இல்ல சார்."

"சரி, சரி" என்றார் சேதுபதி சார். "கூட வேலை பாத்த புள்ளைக இருக்கும்ல? அதுககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டு வாம்மா."