குன்றில் கண்ட விரிசல்

நான் கல்லூரியில் நிலவியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். "இதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?" என்று யார் கேட்டாலும் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, நிலத்தடி நீர் என்று ஒப்பிப்பேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லாமல் வங்கித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் அருமனையில் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காகக் குன்றைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். அதன் மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, கை நுழையும் அளவுக்குப் புதிய விரிசல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இறங்கினால் சரிவு பெயர்ந்து அந்த வீட்டின் மேல் விழலாம்.

ஓடிப்போய் அந்த வீட்டு அக்காவிடம் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்றவர், "ஒறப்பா இடியுமா மோளே?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. இடியாமலும் இருக்கலாம். ஆனா மழ விடுறது வர இங்க இருக்காதீங்க."

 அவர் துணிமணிகளை அள்ளிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்.

மழை விட்டது. குன்று இடியவில்லை. ஊரே சிரித்ததாகத் தோழி சொன்னாள். இடிந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அந்த நினைப்புக்கே நடுங்கிப்போனேன்.

அடுத்த மழையில் அந்த அக்காவே போனில் அழைத்தார். "மோளே, இங்க நல்ல மழையாக்கும். நாங்க மாறணுமா?"

"மாறுங்கக்கா. நான் இப்பமே வாறேன்" என்று பஸ் ஏறினேன்.

இன்று மலைச்சரிவுகள் இடியுமா என்று ஆராய்வதுதான் என் வேலை. வானம் இருட்டினால், எங்கே இருந்தாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.