கேனில் வந்த அருவி

என் மகள் பிறந்தது ஒரு ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். நாங்கள் இருப்பது தென்காசியில். சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வீடு சொந்தமில்லை; சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற உறவுக்காரர்களுக்குத்தான் சொந்தம். அந்த வருடம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. குழந்தையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, அருவியில் குளித்த மாதிரியும் ஆச்சு என்று வந்து இறங்கினார்கள். குழந்தையைப் பார்ப்பது ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அருவி, ஈரத்துணி, அப்புறம் பசி.

எனக்கு அம்மா கிடையாது. நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். சிவகிரியில் அப்பா மட்டும் தனியாக இருக்கிறார். அதனால் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகாமல் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். தாயில்லாத பெண்ணுக்குப் பேறுகாலம் பார்க்கிறாரே என்று தெருவே என் மாமியாரைப் பாராட்டியது. பாராட்டு அவருக்கு, நன்றியோடு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டிய வேலை எனக்கு. கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே எங்கோ பனியில் இருந்தார். மகளை வீடியோ காலில் பார்த்துக்கொள்வதோடு சரி.

சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததால் எந்தத் துணியும் காயவில்லை. குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிகளை ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிப் போட்டிருந்தோம். அப்படியும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். அந்த ஈரத்திலேயே பிள்ளைக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்துவிட்டது. உடனே ஆளுக்கு ஆள் டாக்டராகிவிட்டார்கள். நாத்தனார் சென்னையிலிருந்து ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கிற ஈர டிஷ்யூ பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, இதில்தான் துடைக்க வேண்டும் என்றார். மாமியார் பவுடரை நிறையக் கொட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கடலைமாவு போட்டுக் கழுவச் சொன்னார்.

தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். சோப்பு, பவுடர், வாசனை டிஷ்யூ எதுவும் வேண்டாம் என்றார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து முன்னாலிருந்து பின்பக்கமாகத் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் துணி கட்டாமல் காற்றாட விட வேண்டும். அவ்வளவுதான். இதைவிடச் சுலபமான, செலவில்லாத வேலை உண்டா? டிஷ்யூ பாக்கெட்டைப் பிரிக்காமல் பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் சொன்ன மாதிரியே செய்தேன்.

என் மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவது அவருடைய பல வருடப் பழக்கம். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் அருவித் தண்ணீரில் கலந்து வருகிறது, அதில் குளித்தால் எந்தத் தோல் வியாதியும் தீரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவார்கள். நானும் அப்படி நம்பி வளர்ந்தவள்தான். பேத்திக்குச் சிவந்திருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய அருவித் தண்ணீரைப் பிடித்து, ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"காய்ச்சி ஊத்துதேன் மாமா" என்றேன்.

"காய்ச்சினா சத்தெல்லாம் போயிரும்லா? பச்சத் தண்ணியாவே ஊத்தும்மா. ஊரு உலகமே இந்தத் தண்ணிக்கு வண்டி புடிச்சி வருது. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கசக்குதோ?"

மழை பெய்து தண்ணீர் மண்ணும் சருகுமாக வருகிறது, மேலே காட்டில் எது எது செத்துக் கிடக்கிறதோ தெரியாது, பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் கேனைக் குளியலறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலமே கணவரிடமிருந்து போன். செய்தி அவ்வளவு வேகமாகப் பனிமலைக்குப் போயிருந்தது.

"அப்பா ஆசையாக் கொண்டாந்திருக்காவ. ரெண்டு சொம்பு ஊத்தினா என்னட்டி கொறஞ்சி போவும்?"

"அப்ப நீங்களே வந்து ஊத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கேன் மட்டும் தினமும் வந்தது. மாமனார் தன் கைகால் கழுவக் கொண்டு வருகிறார் போல என்று விட்டுவிட்டேன். நான் பாட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சி, பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சிவப்பு குறையவில்லை. சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி, அதில் சீழும் வைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மாம்பழம் சாப்பிட்டதால் பாலில் சூடு ஏறிவிட்டது என்றார் மாமியார். அதையும் நம்பி மாம்பழத்தை விட்டேன்.

ஒரு நாள் காலையில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. அழாத குழந்தையைக் கையில் வைத்திருந்த அந்த நேரத்தில் வந்த பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மாமனார், மாமியார், நான் மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் மாமனாரைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்று சல்யூட் அடித்து, உள்ளே அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்காமல் டாக்டரைப் பார்க்க வைத்தார். அந்தப் போலீஸ்காரரும் கூடவே நின்றார்.

துணியை விலக்கிப் பார்த்ததும் டாக்டர் அம்மாவின் முகம் மாறியது. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், உடனே ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டில் ஒரு மருந்தை எழுதினார். எதில் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார். காய்ச்சிய தண்ணீர், பஞ்சு என்று சொன்னேன். அவர் பிள்ளையின் தொடை மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சின தண்ணியில மணல் எப்படிம்மா வரும்?"

மடிப்பின் அடியில் பொடிப்பொடியாக மணல். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எந்தத் தண்ணி பட்டுதுன்னு தெரிஞ்சாத்தான் எழுதின மருந்தே போதுமா, மாத்தணுமான்னு நான் முடிவு பண்ண முடியும். மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்போது மாமனார் தொண்டையைச் செருமினார். "அது வந்து டாக்டர், இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சொன்ன பேச்சுக் கேக்குதுவ. கடையில விக்கிற ஈர டிஷ்யூ இருக்குல்லா, அத வச்சித்தான் இவ தொடச்சா. அதான் இப்பிடி ஆயிருக்கும்."

பிரிக்காத பாக்கெட் பீரோ மேல் கிடக்கிறது. அது அவருக்கும் தெரியும். எத்தனையோ பேரை உட்காரவைத்து உண்மையைச் சொல்லு என்று அதட்டிக் கேட்ட வாய் அது.

"டிஷ்யூ இல்ல டாக்டர். குற்றாலத்துலேருந்து கேன்ல தண்ணி கொண்டு வந்து ஊத்தியிருக்காவ. காய்ச்சாத தண்ணி. எனக்குத் தெரியாம ஊத்தியிருக்காவ."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மத்தியானம் நீ அசந்து தூங்கும்போதுதாம்மா ஊத்தினேன். அவுக ஆசப்பட்டாவ" என்று முனகினார். டாக்டர் அம்மா மாமனாரைத் திட்டக்கூட இல்லை. "தண்ணி நல்ல தண்ணிதான் ஐயா, ஆனா அது உங்களுக்கு. இந்தப் பிள்ளைக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு எழுதியிருந்த மருந்தை அடித்து வேறு மருந்து எழுதினார். சல்யூட் அடித்த போலீஸ்காரர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

பிள்ளை பிழைத்தது. காய்ச்சல் இறங்கி, அது மறுபடியும் வீறிட்டு அழுத சத்தத்தைக் கேட்டு நானும் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். மாமனாரும் கதவுக்கு வெளியே நின்று அழுதார், நான் பார்த்தேன். அப்போது என் கோபம் பாதி கரைந்துதான் போனது. ஒரு வார்த்தை, 'தெரியாமச் செஞ்சிட்டேம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீதியும் கரைந்திருக்கும்.

அந்த வார்த்தை வரவில்லை. கணவர் லீவில் வந்தார். மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, பெட்டியைக் கூடப் பிரிக்காமல் என்னிடம் கேட்டது இதுதான்: "அப்பாவ நாலு பேரு முன்னால தலகுனிய வச்சிட்டியேட்டி?"

நாலு பேர் என்றால் அந்தப் போலீஸ்காரர். பிள்ளையின் உயிர் போகப் பார்த்தது கணக்கில் வரவில்லை. ஒரு சல்யூட் வீணாய்ப் போனதுதான் கணக்கில் வந்தது. கணவரிடமே கேட்டேன், நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "சொல்லத்தான் வேணும். தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா?" என்றார். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது எந்த மூலைக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொல்வது?

மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். தாத்தாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். என்னோடு மட்டும் பேசுவதில்லை. காபி வேண்டுமென்றால், "உங்க அம்மாட்ட கேளு" என்று அவளை அனுப்புகிறார். வருடா வருடம் சீசனுக்கு வருகிற உறவுக்காரர்களிடம் மாமியார் சொல்கிற கதையில் இன்னமும் டிஷ்யூதான் வருகிறது. அவர்களுக்கு அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டே நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவை மறுத்துப் பேசினேன். அதற்கும், பழசைக் கிளறுகிறாள் என்று பெயர் வந்தது.

அந்த அறையில் மறுபடி நிற்க நேர்ந்தாலும் நான் அதையேதான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளையைப் பிழைக்க வைத்த ஒரு உண்மையை இத்தனை வருடமாக மன்னிக்காதவர்களுக்குத்தான் தினமும் என் கையால் சோறு போடுகிறேன் என்று நினைக்கும்போது, எனக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.