டொறீன் கொட்டிய மீன்கறி

டொறீன் என்ற பெயர் கொட்டாஞ்சேனையில் முதலில் காதில் விழுந்ததே, ஒரு சட்டி மீன்கறியைச் சாக்கடைக் கானுக்குள் கொட்டிவிட்டாளாம் என்ற பேச்சோடுதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் எவ்லின் மாமியின் இளைய மருமகள். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையொன்றில் பதினொரு வருஷம் சமைத்தவள். மூன்று நாள் பழைய மீன் நாறுகிறதென்று கொட்டினாள். முதலாளியோ அவள் மீன் களவெடுத்தாள் என்று எழுதி, அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். நாறல் மீனைவிட அந்தக் கடிதம்தான் அவளுக்குக் குமட்டியது. கள்ளிப் பெயரை அழித்து வேலையைத் திருப்பித் தரவேண்டும் என்று தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள்.

விசாரணையன்று அதிகாரியைக் குளிர்விக்க முதலாளி தன் கடைச் சாப்பாட்டுப் பார்சல்கள் கொண்டுவந்தான். தனக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு. டொறீன் ஒரு பார்சலைப் பிரித்து அவன் முன்னால் தள்ளினாள். தூ, அங்கேயும் அதே நாற்றம்.

"முதலாளி, உங்கட கடைக் கறிதானே? ஒரு வாய் தின்னுங்கோ, நான் கள்ளியெண்டு ஒத்துக்கொள்ளுறன்."

"எனக்கு கேஸ்ட்ரிக்."

"சனத்துக்கு மட்டும் இரும்பு வயிறோ?"

அதிகாரி அம்மா மூக்கைப் பொத்தியபடி பேனையை எடுத்தார். களவுக் கடிதத்தை வாபஸ் வாங்கி, வேலையையும் திருப்பித் தருவதாக முதலாளி கையெழுத்து வைத்தான். இன்றைக்கும் அவன் வீட்டுச் சாப்பாடுதான் கொண்டுவருகிறான். டொறீன் அதே குசினியில் சமைக்கிறாள்.